மருதம்பட்டை: இதயத்திற்கு நல்லதுதான், ஆனால் கவனம் தேவை

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மருதம்பட்டை, சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் நெடுங்காலமாக இதய மருந்தாகப் பயன்படுகிறது. துவர்ப்புச் சுவை கொண்ட இப்பட்டையைத் தண்ணீரிலோ பாலிலோ காய்ச்சி, வடிகட்டிக் குடிப்பது வழக்கம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2002-இல் இந்தியாவில் வெளியான ஆய்வு ஒன்றில், நெஞ்சுவலி உள்ள 58 ஆண்களுக்கு 500 மில்லிகிராம் பட்டைச் சாறு எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, ஒரு வாரம் கொடுக்கப்பட்டது. வலி குறைந்தது. ஆனால், 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இதயம் பலவீனமான 100 நோயாளிகள் 12 வாரம் கலந்துகொண்டனர். அதில் இதயத்தின் இரத்தம் வெளியேற்றும் திறன் கூடவில்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

* வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள்
* இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள்
* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்
* அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள்

இவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது. கிளினிக்கிற்குப் போகும்போது, குடிக்கும் கஷாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மலேசியாவில் மாத்திரையாகவோ கேப்சூலாகவோ வாங்கினால், 'எம்ஏஎல்' எனத் தொடங்கி 'டி' என முடியும் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

கஷாயம் குடிக்கிறோம் என்று மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதே பெரிய ஆபத்து. திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வியர்வை வந்தால் பட்டையைக் காய்ச்சிக் கொண்டிருக்க நேரமில்லை. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழையுங்கள்.