செட்டிநாட்டு விமானத் தளம்

கண்டனூர், புதுவயல் பக்கத்துப் பெரியவர்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள், மாடு மேயும் காட்டுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஓடுபாதை. விரிசலெல்லாம் புல். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரர் போட்டது.

1941 டிசம்பரில் பினாங்கு, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர், மார்ச்சில் ரங்கூன் என்று வரிசையாக ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு என்று பல இடங்களில் தளம் போட்ட காலம் அது. பறிபோன ஊர்களைப் பாருங்கள். எல்லாம் நம்மவர் கொண்டுவிற்கப் போன ஊர்கள். பர்மாவிலிருந்து பலர் காடும் மலையும் நடந்தே திரும்பினார்கள்.

போர் முடிந்தது. தளம் மாடுகளுக்கு ஆனது. நாம் பழையபடி கப்பலுக்கே போனோம்.

எங்கள் அப்பச்சிக்கு சைகோனில் கடைக் கணக்கு வேலை. பின்னால் கடைக்கு உதவும் என்று என்னைப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படிக்க வைத்தார். (1975க்குப் பிறகு சைகோனும் இல்லை, கடையும் இல்லை. அந்தப் பிரெஞ்சு புதுச்சேரி அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் படிக்கத்தான் உதவியது.)

1961இல் ஐயா காலமானார். தந்தி போயிற்று. கொள்ளி வைக்க மூத்த மகன் இல்லை, சித்தப்பா வைத்தார். கருமாதியும் முடிந்த பிறகே அப்பச்சி வந்து இறங்கினார்.

இந்தத் தளத்தை மறுபடி விமான நிலையமாக்கக் கேட்டு நம் பக்கத்தில் பேச்சு எழும்போதெல்லாம் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் புதுச்சேரியையும் பார்த்தவன். 2013இல் புதுக் கட்டடம் திறந்தார்கள். விமானம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. ஆள் ஏறினால்தானே ஓட்டுவார்கள்? நம் பிள்ளைகள் திருச்சியிலோ மதுரையிலோ இறங்கிக் காரில் வந்துவிடுகிறார்கள். மேய்ச்சல் நிலத்தை எடுத்தால் பண்ணை எங்கே போகும் என்பதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். இருந்தும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த வருஷம் அப்பச்சி என்னைச் சைக்கிளில் வைத்துக் கானாடுகாத்தான் போய்வந்தார். வழியில் தளத்தைக் காட்டினேன். இறங்கி நின்று, "இது எத்தனை வருஷமா இங்க கிடக்கு?" என்று கேட்டார். நான் பிறக்கும் முன்பிருந்தே என்றேன். வீடு வந்து சேரும்வரை அவர் பேசவில்லை.