நள்ளிரவும் நிழலற்ற ஒளியும்

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்று பார்த்தால், மூடுபனி விலகிய நாட்களில் கீழே சமவெளியில் பழனி தெரியும். இந்த மலைச்சரிவுகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது; 2006இலும் 2018இலும் பூத்தது. தொல்காப்பியர் குறிஞ்சிக்குச் சேயோனைத் தெய்வமாகவும் யாமத்தைப் பொழுதாகவும் வகுத்தார். களவுக் காதலுக்கு இருளே காவல். சங்கப் பாடல்களின் இரவுக்குறியில் நிலவுகூட இடையூறுதான். வருகிறவனை அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய வள்ளி, தெய்வயானையுடன் கூடிய முருகன் படங்களில் இருள் என்பதே இல்லை. இது எப்படி நேர்ந்தது?

ராஜா ரவிவர்மா (1848–1906) கைக்கொண்ட ஐரோப்பிய முறையில் ஒளிக்கு ஒரு திசை உண்டு, நிழல் உண்டு, ஆகவே பொழுதும் உண்டு. அவருடைய நிலவொளிப் பெண்ணின் தனிமையைச் சொல்வது அவள் முகம் மட்டுமன்று, அவள்மேல் விழும் வெளிச்சமும்தான். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) நாடக மேடைகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். ஒளியின் ஜாலங்களை அறியாதவர் அல்லர். எனினும் அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்து, சிவகாசி அச்சகங்கள் பரப்பிய தெய்வ முகங்களில் வெளிச்சம் சீராகவே படர்கிறது. வணங்குபவருக்கு முகம் மறையக் கூடாது என்பது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் மலர்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பரவலாக வழங்கும் மரபில் வலப்புறம் நிற்கும் வள்ளியின் கையில் தாமரை. இடப்புறம் தெய்வயானையின் கையில் நீலோற்பலம். முருகனின் வலக்கண் சூரியன், இடக்கண் சந்திரன். எனவே இரு மலர்களும் வாடுவதில்லை என்பது சமய விளக்கம். பகலும் இரவும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கும்போது ஓவியன் எந்தப் பொழுதைத் தீட்டுவான்? பொழுதற்ற ஒளியைத்தான்.

இதில் ஒரு பேறும் ஓர் இழப்பும் உண்டு. தினைப்புனத்துக் குறமகள் தேவர்கோன் மகளுக்கு நிகராக, ஒரே வெளிச்சத்தில் நிற்கிறாள். ஆனால் அவள் காத்திருந்த இரவு, காவலின் அச்சம், காட்டுவழியின் ஏதம் எல்லாம் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோயின. களவு கற்பாகிவிட்டது. பழனிக் கருவறையிலோ இரு தேவியரும் இல்லை. தண்டேந்திய ஆண்டி தனியே நிற்கிறான்.

படம் மறைத்த நள்ளிரவைக் காண நாம் மீண்டும் குறுந்தொகையிடம்தான் போகவேண்டியிருக்கிறது.