அட்டையில் இல்லாத முகம்

தோழர்களே, திருவட்டாறு பழைய திருவிதாங்கூர் மண். யார் மேலாடை உடுத்தலாம் என்பதை இங்கே சாதி தீர்மானித்தது. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859-இல்தான் நாடார் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது; அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை!

2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பறையோடும் கானாவோடும் கோட் சூட்டில் மேடையேறியதை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' காணொலியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியையே அறிவு காட்டினார். ஆனால் அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே அவர் முகத்தோடு இணைய அட்டை வந்தது.

பாட்டை ரசியுங்கள். அட்டையில் யார் இல்லை என்றும் பாருங்கள், கேளுங்கள்.