கிளைக்கு வந்த காசு

செலவை அளந்தவர்கள் வரவைக் கேட்க மறந்தனர். பிரிட்டனின் கதை இது. 1883-இல் வாக்கை விலைபேசுவோரை ஒடுக்கச் சட்டம் செய்தனர். வேட்பாளர் தொகுதியில் செலவிடும் தொகைக்கு வரம்பிட்டனர். அப்பணம் எவர் மடியிலிருந்து அவிழ்ந்தது? கேட்பாரில்லை! லாயிட் ஜார்ஜ் ஆட்சியில் பட்டங்களே விலைபோயின. 1925-இல் பட்ட வாணிபத்தைத் தடுத்தனர். நன்கொடை மட்டும் திரைமறைவிலேயே கிடந்தது.

1998-இல் நீல் குழு பரிந்துரைத்தது. 2000-இல் சட்டம் பிறந்தது. தலைமைக்கு ஒருவர் ஓராண்டில் தருவது 5,000 பவுண்டைத் தாண்டினால், தேர்தல் ஆணையத்திடம் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டுமென அன்று வகுத்தனர். ஊர்க்கிளைக்கோ அன்று 1,000 தாண்டினாலே போதுமாயிருந்தது. கிளையின் கணக்கையும் கட்சிப் பொருளாளரே காலாண்டுதோறும் திரட்டித் தருதல் வேண்டும். ஏன் இவ்வேற்றுமை? சிறு கிளைக்குச் சிறுதொகையே பெருந்தொகையன்றோ! மனை வணிகனும் குத்தகைக்காரனும் நாடுவது அமைச்சரை மட்டுமா? நகரமன்ற உறுப்பினரையுந்தான்! கிளைக்குக் குறைந்த வரம்பு வைத்ததை நாம் நுண்ணறிவென்றே போற்றுவோம்.

ஆயினும் 2010-இல் கிளைவரம்பு 1,500 ஆயிற்று, 2024-இல் 2,230. விலைவாசி ஏறிற்றாம்! அத்தொகையைத் தாண்டாதவரை, கொடுத்தவர் யாரென ஆணையத்தின் ஏட்டைப் புரட்டி ஊரார் அறிய வழியில்லை.