கவிழ்த்து வைத்த துருப்பு

பினாங்குக்கு வருகிறவர்களிடம் சோமர்செட் மாம் தங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டலைக் காட்டாமல் விடமாட்டார்கள். அவர் ஒரு பிரிட்ஜ் பைத்தியம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவருடைய மலாயாக் கதைகளில் கிளப்பும் சீட்டாட்டமும் பிரியாமல் வரும். அந்த வெள்ளைக்காரக் கிளப்புகளில் நம்மாட்கள் உறுப்பினராக முடியாது. ஆனால் ரயில்வேக்கும் குமாஸ்தா வேலைக்கும் இங்கே வந்த யாழ்ப்பாணத்தாரின் ஊரிலும் ஓர் ஏல ஆட்டம் உண்டு: 304. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு ஜாதிச் சீட்டுக்கு 76. நான்குக்கும் சேர்த்து 304. ஏலத்தில் தொகையை மட்டும்தான் கேட்பார்கள். துருப்பு கவிழ்ந்து கிடக்கும்.

பிரிட்ஜில் ஜாதியையும் சொல்லியே கேட்க வேண்டும். 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் அதன் இன்றைய வடிவத்தை அமைத்த வாண்டர்பில்ட்டே பிறகு ஒரு குறும்பு செய்தார். 'ஒரு கிளாவர்' என்றால் கிளாவர் இருக்கிறது என்று அர்த்தமில்லை, கை பலமாக இருக்கிறது என்று அர்த்தம். கப்பல் தொழிலதிபர் சி. சி. வெய் இதைச் செதுக்கி 'பிரிசிஷன்' ஆக்கினார்: 16 புள்ளியும் அதற்கு மேலும். 1969இல் ரியோவில் நடந்த உலகப் போட்டியில் அதை ஆடிய தைவான் அணி, யாருமே எதிர்பார்க்காதபடி இத்தாலிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது.

எதிராளி என்ன செய்வான்? பலசாலி தன் ஜாதியை இன்னும் சொல்லவில்லை, அதைச் சொல்ல அவனுக்குப் படிகள் வேண்டும். அந்தப் படிகளைப் பிடுங்குவதுதான் தற்காப்பு. கையில் சரக்கு இல்லாவிட்டாலும், ஆறு ஸ்பேட் இருந்தால் 'இரண்டு ஸ்பேட்' என்று குறுக்கே பாயலாம். மாட்டினால் அபராதம் பலமாக விழும், அது வேற கதை. அமெரிக்கரான லூ மாத்தே ஒரு வழி வகுத்தார்: 'டபுள்' என்றால் ஹார்ட்டும் ஸ்பேடும், 'ஒரு நோ-டிரம்ப்' என்றால் டைமண்டும் கிளாவரும். பொய் ஏலத்துக்குப் பதில் இன்னொரு பொய் ஏலம்!

பொய் என்றா சொன்னேன்? ஏமாற்று அல்ல. எந்த ஏலத்துக்கும் கூட்டாளிக்குத் தெரிந்த அர்த்தம், கேட்டால் எதிராளிக்கும் தெரியவேண்டும் என்பது விதி. 1965இல் போனஸ் அயர்ஸில் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷபீரோவும் விரல்களால் சைகை காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். உலகச் சம்மேளனம் குற்றவாளி என்றது, இங்கிலாந்தில் நடந்த விசாரணை விடுவித்தது. அதே ரீஸ்தான் ஜெரமி ஃப்ளின்ட்டோடு சேர்ந்து 'மல்டி' இரண்டு டைமண்டையும் கொண்டுவந்தார். பலவீனமான கை, ஆறு ஹார்ட் அல்லது ஆறு ஸ்பேட். எது என்று சொல்லமாட்டார். 304இன் கவிழ்ந்த துருப்பேதான்: அங்கே போலவே இங்கேயும் கேட்டவரின் கூட்டாளிக்குக்கூட அது தெரியாது. அவர் பெரும்பாலும் இன்னொரு ஏலம் கேட்டாக வேண்டும், எதிராளிக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்துவிடும். உடனே டபுள் சொன்னால் ஓர் அர்த்தம், ஒரு சுற்று பொறுத்துச் சொன்னால் வேறு அர்த்தம்.