ஸ்நோவி பேக்கர்: பதக்கமும் பணப்பெட்டியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெச்சூர் குத்துச்சண்டை வீரனும் புரமோட்டரும் ஒருவரையொருவர் ஏற இறங்கத்தான் பார்த்துக்கொண்டார்கள். காசுக்காக மேடை ஏறுவதை முன்னவன் இழுக்கென்று எண்ணினான். பின்னவருக்கோ பிறர் வாங்கும் அடியில்தான் பிழைப்பு. இந்த இரண்டு வேடத்தையும் கட்டிய ஆஸ்திரேலியர் ரெஜினால்ட் லெஸ்லி பேக்கர். தலைமுடியின் வெளிர்நிறத்தால் ஊருக்கெல்லாம் அவர் ‘ஸ்நோவி’.

1884இல் சிட்னியின் சரி ஹில்ஸ் பகுதியில் பிறந்தவர். அவர் ஆடிய ஆட்டங்களைப் பட்டியலிட்டால் இக்கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். 1904இல் பிரிட்டிஷ் ரக்பி அணிக்கு எதிராக இரண்டு டெஸ்ட் ஆடினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குத்துச்சண்டையில் நாட்டின் அமெச்சூர் பட்டம் வென்று, 1908 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரலேசிய அணியில் போனார். நீச்சலிலும் டைவிங்கிலும்கூடக் கலந்துகொண்டார்.

அந்த ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை முழுவதும் அக்டோபர் 27 என்ற ஒரே நாளில் நடந்து முடிந்தது. மிடில்வெயிட் பிரிவில் பேக்கர் மூன்று பேரை வென்று, அன்றே இறுதிச் சுற்றிலும் நின்றார். எதிரே ஜானி டக்ளஸ். பின்னாளில் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை ஏற்று 1911-12 தொடரில் ஆஸ்திரேலியாவையே அதன் மண்ணில் 4-1 என்று வீழ்த்தியவர். இருவருக்கும் இடையே நூலிழை வித்தியாசம்தான். தீர்ப்பு டக்ளஸ் பக்கம் போனது. அன்று வழங்கப்பட்ட 15 பதக்கங்களில் பிரிட்டனுக்குப் போகாத ஒரே பதக்கம் பேக்கரின் வெள்ளி.

டக்ளஸின் தந்தையே நடுவராக இருந்து மகனுக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்தார் என்ற கதை பிறகு பரவியது. பேக்கரே முதுமையில் அப்படிச் சொன்னார். உண்மையில் தந்தை அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத்தின் தலைவர். அந்த முறையில் பதக்கம் வழங்கினார், அவ்வளவுதான். சண்டைக்கு நடுவர் யூஜின் காரி. தோற்றவருக்கு ஒரு சாக்கு தேவைப்படுவது இயல்பு. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் தீர்ப்பு சொல்லும் இடத்துக்கு அவரே வந்து சேர்ந்ததால்தான் இது வெறும் சாக்காகத் தெரியவில்லை.

சிட்னியின் ரஷ்கட்டர்ஸ் பே குத்துச்சண்டை அரங்கம் 1908இல் ஹியூ மெக்கின்டாஷ் எழுப்பியது. டாமி பர்ன்ஸை ஜாக் ஜான்சன் வீழ்த்தி, முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனது அங்கேதான். 1912 இறுதியில் அந்த அரங்கம் பேக்கர் கைக்கு மாறியது. தன் பெயரிலேயே பத்திரிகை, உடற்பயிற்சிக்கூடம், பிற நகரங்களிலும் அரங்குகள் என்று தொழில் விரிந்தது. வீரனாக இருந்தவருக்கு எந்த ஜோடியை மோதவிட்டால் கூட்டம் திரளும் என்று கணிக்கத் தெரிந்திருந்தது. மற்ற புரமோட்டர்களிடம் இல்லாத முதலீடு அதுதான்.

அவருடைய பெரிய வசூல் லெஸ் டார்சி என்ற குத்துச்சண்டை வீரன். மெயிட்லண்ட் பக்கத்துக் கொல்லன் பட்டறையில் தொழில் பழகிய இளைஞன். தொழிலாளர் குடும்பங்களின் செல்லப்பிள்ளை. முதல் உலகப்போர் நடுவே, கட்டாய ராணுவச் சேவை குறித்த வாக்கெடுப்பு 1916 அக்டோபர் 28இல் நடக்கவிருந்தது. அதற்குச் சற்று முன் டார்சி ரகசியமாகக் கப்பலேறி அமெரிக்கா போனான். கோழை என்ற பட்டம் அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நியூயார்க்கில் மேடை மறுக்கப்பட்டது. 1917 மே 24இல் மெம்ஃபிஸில் நோய்ப்பட்டு இறந்தபோது வயது 21. உடல் சிட்னி வந்ததும் ஊரே திரண்டு அழுதது.

அழுத கூட்டத்துக்கு ஒரு குற்றவாளியும் வேண்டியிருந்தது. கையை விட்டுப் போன வருமானத்துக்காக, அமெரிக்க புரமோட்டர்களிடம் சொல்லி டார்சிக்குக் கதவடைக்கச் செய்தவர் பேக்கர்தான் என்று பேசினார்கள். ஒலிம்பிக் நடுவர் கதைக்கு இருந்த ஆதாரத்தைவிட இதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் நம்பினார்கள். சீட்டு விற்றுச் சம்பாதிப்பவரிடம் நேர்மை இருக்கும் என்று நம்ப அந்தக் கூட்டத்துக்கு மனம் வரவில்லை. பழைய பதக்கமும் அங்கே அவருக்குக் கைகொடுக்கவில்லை.

பிறகு அவர் சினிமாவுக்குப் போனார். 1920இல் வெளிவந்த ‘தி மேன் ஃப்ரம் கங்காரு’ படத்தில் அவருக்குக் குத்துச்சண்டை தெரிந்த பாதிரியார் வேடம்; சிறுவர்களுக்குக் குத்துவிடக் கற்றுக்கொடுத்ததற்காக ஊராரின் கோபத்துக்கு ஆளாகும் பாத்திரம். அதே ஆண்டில் ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்து நடிகர்களுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தந்தார். ‘நேஷனல் வெல்வெட்’ படத்துக்காகச் சிறுமி எலிசபெத் டெய்லரும் அவரிடம் பழகினார். 1953 டிசம்பர் 2இல் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.