பைன் கலமும் தேக்குக் கலமும்

போர்க்கலங்களை விரைவிற் பெறுவதா, உறுதியுடையனவாகப் பெறுவதா என்னும் வினாவைப் பிரித்தானியக் கடற்படை 1812 ஆம் ஆண்டில் எதிர்நோக்கியது. நெப்போலியனோடு நிகழ்ந்த நெடும்போரினால் ஓக்கு மரம் அருகிவிட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவும் போர் தொடுத்தது. அரசினர் தளங்கள் மட்டும் போதாமையின், கடற்படையினர் இரு வழிகளை ஒருங்கே கைக்கொண்டனர்.

முதலாவது, இங்கிலாந்துத் தனியார் தளங்களிற் பைன் மரத்தாற் பிரிகேட்டு வகைக் கப்பல்களைக் கட்டுவித்தல். பைன் எளிதில் வேலைக்கு இசைவது. ஆயின் விரைவில் உளுத்துப்போவது. இஃது அறிந்தே செய்த ஏற்பாடாகும். 1813 இற் கடலேறிய அத்தகைய கப்பல்கள் பல, பத்தாண்டு நிறையுமுன் உடைக்கப்பட்டன.

மற்றைய வழி பம்பாயை நாடியது. அங்கே பார்சியரான வாடியா குடும்பத்தார் தேக்கினாற் கப்பல் கட்டுவதில் வல்லுநர்; 74 பீரங்கிகள் தாங்கும் 'மிண்டன்' என்னும் கப்பலை 1810 இற் கட்டியவர். ஓக்கு மரத்தின் புளிப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ அதனைக் காக்கும். இடையூறு தூரமே. 1812 ஒக்டோபரிற் கட்டளையிடப்பட்ட 'திருகோணமலை' என்னும் பிரிகேட்டின் வரைபடங்களை ஏற்றிச்சென்ற 'யாவா', திசம்பரிற் பிரேசிற் கரைக்கப்பால் அமெரிக்கரிடம் வீழ்ந்தது. படங்கள் மீண்டும் அனுப்பப்பட்டு, 1816 இல் வேலை தொடங்கி, 1817 ஒக்டோபர் 12 இல் அக்கப்பல் நீரிலிறங்கியபோது போர் முடிந்து ஈராண்டு கடந்திருந்தது.

நம் துறைமுகத்தின் பெயர் தாங்கிய அக்கப்பல் ஆட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கின்றது. அதனைக் கண்டு தேக்கைப் புகழ்ந்து பைனை இகழ்தல் இயல்பேயாயினும், நேரிய மதிப்பீடன்று. போர் நடந்தபோது கடலில் நின்றவை பைன் கலங்கள். 1819 இல் இங்கிலாந்தை அடைந்த 'திருகோணமலை'யோ 1847 வரை பணிக்கு அமர்த்தப்படாது துறையிலே கிடந்தது.